நெஞ்சில் ‘எல்’ போர்டா?

‘எல்’ போர்டு மாட்டிய காரைக் கண்டால் நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆபரேஷன் மேஜையில் மயங்கிக் கிடப்பவர் எங்கே ஒதுங்குவார்?

இளம் டாக்டர் என்றைக்காவது முதல் தையல் போட்டுத்தான் ஆகவேண்டும். அதை உயிருள்ள இதயத்திலேயே போட வேண்டியதில்லை என்கிறது ‘மெய்நிகர்’ பயிற்சி. கண்ணில் மாட்டும் கருவிக்குள் இதயம் துடிக்கிறது. தப்பு செய்தாலும் யாரும் சாவதில்லை. மறுபடி ஆரம்பிக்கலாம்.

பலன் உண்டா? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 16 பயிற்சி டாக்டர்களைச் சோதித்தது. 2002-ல் முடிவு வெளியானது. கம்ப்யூட்டரில் பழகியவர்கள் பித்தப்பையை 29 சதவீதம் வேகமாகப் பிரித்தெடுத்தார்கள். பழகாதவர்கள் செய்த தவறுகளோ ஆறு மடங்கு!

பித்தப்பைக்கே இப்படி. இதயத்தை நிறுத்திவைத்துச் செய்யும் ஆபரேஷனில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு அல்லவா?

நிஜச் சதையைத் தொடும் உணர்வைக் கருவி முழுசாகத் தராது. மூத்த சர்ஜன் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும். ஆனால், விமானியே பொய் விமானத்தில் தேறிய பிறகுதானே பயணிகளை ஏற்றுகிறார்?

விலை அதிகம் என்று சாக்கு சொல்லக் கூடாது. இதய அறுவை கற்றுத்தரும் ஒவ்வொரு கல்லூரியும் இதைக் கட்டாயமாக்க வேண்டும். முதல் தப்பு கருவியோடு போகட்டும். மனுஷன் நெஞ்சில் வேண்டாம்!