பரணில் உறங்கும் தூக்கு

1933-ம் வருஷம் இங்கிலாந்தில் தற்செயலாய்ப் பிறந்த பாலிதீனைக் கெட்ட வஸ்து என்று நாம் சொல்லமாட்டோம். உணவுக்கென்றே சுத்தமாகச் செய்த உறையில் பால் வரலாம். அரிசி, உப்பு வைக்கலாம். ஆனால் செங்கற்பட்டிலோ மாமல்லபுரத்திலோ கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பையில் ஏந்தி வருவது வேறு விஷயம். சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பையிலுள்ள சேர்மானங்கள் உணவில் இறங்கக்கூடும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த பையானால், முன்பு அதில் என்ன இருந்ததென்று யார் கண்டார்?

தமிழக சர்க்கார் 2019 ஜனவரி 1 முதல் இப்பைகளைத் தடை செய்திருக்கிறது. வாங்குகிறவர் வெறுங்கையோடு போய் நின்றால் சட்டம் என்ன செய்யும்? வீசியெறிந்த பை கடலில் மிதக்கிறது. இக்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையினம் அதைச் சொறிமீன் என்றெண்ணி விழுங்குகிறது.

பரணிலுள்ள தூக்குப் பாத்திரத்தை இறக்குங்கள். குழந்தையின் வயிற்றுக்கும் ஆமையின் வயிற்றுக்கும் அதுவே காவல்.