பழைய லாரிக்கு எந்த கிளட்ச்?

கேள்வி: நெல் மூட்டை ஏற்றினால் என் பழைய லாரியில் இன்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை. கிளட்ச் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். காளவாசலில் கடைக்கொரு பிளேட் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?
– செக்கானூரணி வாசகர்

பதில்: முதலில் பெடலை விரலால் அழுத்திப் பாருங்கள். மேலே சற்றும் தளர்வு இல்லையென்றால் நல்ல பிளேட்டும் வழுக்கும். அதைச் சரிசெய்தாலே செலவு மிஞ்சலாம்.

அதன்பிறகும் வழுக்கினால் கழற்றத்தான் வேண்டும். வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய வண்டியில் கியர்பாக்ஸை யாராவது மாற்றியிருக்கலாம். கழற்றிய பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் கையோடு கொண்டுபோங்கள். பிளேட்டின் குறுக்களவு, நடுவிலுள்ள பற்களின் எண்ணிக்கை, பல்லின் அளவு மூன்றும் ஒத்திருக்க வேண்டும். பிரஷர் பிளேட்டும் அதே வகையாக இருக்கட்டும்.

அதிக பாரம் தாங்கும் என்று செராமிக் பிளேட்டை விற்பார்கள். அது வெடுக்கென்று பிடிக்கும். களத்துமேட்டில் வண்டியை மெல்ல நகர்த்துவது சிரமம். வண்டியோடு வந்த வகையே போதும்.

பழைய பிளேட்டில் எண்ணெய் பிசுபிசுத்தால் முதலில் ஆயில் சீலை மாற்றுங்கள். இல்லையேல் புது பிளேட்டும் வீண். பிளைவீலில் வெடிப்பு, நீலத் தழும்பு உண்டா என்றும் பாருங்கள். ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிட்டால், அறுவடை நேரத்தில் மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டியிராது.