உப்புத் தண்ணீரில் கடுகு: லாபக் கணக்கில் விடுபட்ட ஒரு வரி

நமக்குக் கடுகு என்றால் தாளிக்க ஒரு சிட்டிகை. ராஜஸ்தான், ஹரியானா பக்கம் சமையல் எண்ணெயே அதுதான். இந்தியாவில் கடுகு அதிகம் விளைவதும் ராஜஸ்தானில்தான். அங்கேயும் தெற்கு ஹரியானாவிலும் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. வேறு வழியில்லாத விவசாயி அந்த உப்புத் தண்ணீரையே பாய்ச்சிக் கடுகு எடுக்கிறார்.

குடிக்க உதவாத தண்ணீர், மழை குறைந்த நிலம், இரண்டையும் சேர்த்தால் எண்ணெய்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி என்பதால் இதை ஆதரிக்கவும் தோன்றும். நானும் ஆதரிக்கிறேன். ஆனால் காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்குமா? இந்தக் கணக்கில் உப்பை எந்தப் பக்கம் எழுதுவது?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்நீரில் இருப்பது சுமார் 35 கிராம், அதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஒரு ஏக்கரில் 6 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒருமுறை பாய்ச்ச ஏறத்தாழ 2,43,000 லிட்டர் வேண்டும். அதோடு வயலுக்குள் இறங்கும் உப்பு சுமார் 730 கிலோ. இரண்டு தண்ணீர் கட்டினால் 1,460 கிலோ. 50 கிலோ மூட்டையில் கட்டினால் 29 மூட்டை! அதே ஏக்கரில் கிடைக்கும் கடுகு, நாட்டுச் சராசரிப்படி, சுமார் 6 குவிண்டால். அறுவடை செய்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உப்பை வயலில் விட்டுவிட்டு வருகிறோம்.

அதற்காகக் கடுகைக் குறை சொல்ல முடியாது. கோதுமைக்கு நாலைந்து தண்ணீர் வேண்டும், கடுகுக்கு ஒன்றிரண்டு போதும். தண்ணீர் குறைந்தால் உப்பும் குறைவு. உப்பைத் தாங்கும் சக்தியும் கடுகுக்கு உண்டு. 1969-இல் தொடங்கிய, கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையம் சி.எஸ். 54, சி.எஸ். 56, சி.எஸ். 58 என்று இதற்கென்றே ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

ஆனால் ரகம் உப்பைத் தாங்கும், உப்பைத் தின்னாது. அதை வேருக்குக் கீழே கழுவி இறக்குவது ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழைதான். அதாவது, விவசாயி ஒவ்வொரு குளிர்காலத்திலும் நிலத்திடம் கடன் வாங்குகிறார், மழை வந்து அடைக்கிறது. மணல் நிலமாக இருந்தால் கடன் சீக்கிரம் தீரும். களிமண்ணில் தண்ணீர் இறங்காது, உப்பும் இறங்காது. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடத்தில் இறங்கிய உப்பு திரும்ப ஏறிவரும். மழை பொய்த்த வருடம்? அசலோடு வட்டியும் சேரும். நாங்கள் இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுகிறோமே, அதுபோல நிலத்துக்கு யாராவது எழுதுகிறார்களா?

விலை விஷயத்தையும் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதமாக்கிய அரசு, 2025 மே மாதக் கடைசியில் அதை 10 சதவீதமாகக் குறைத்தது. எண்ணெய் வாங்குகிற நமக்கு நல்லதுதான். ஆனால் இறக்குமதி மலிவானால் கடுகு விலைக்கும் அடி. ஆதார விலை இருந்தாலும் விளைந்தது முழுவதையும் அரசு வாங்குவதில்லை. ஆக, மண்ணின் ஆபத்தும் சந்தையின் ஆபத்தும் ஒரே ஆள் தலையில்.

அதனால் என் கருத்து இது. விதையை மட்டும் மானியத்தில் கொடுத்து அனுப்பினால் போதாது. விதை கொடுக்கும் முன் கிணற்றுத் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதிக்க வேண்டும். சோடியம் கார்பனேட் வகை அதிகமுள்ள தண்ணீருக்கு ஜிப்சம் தேவைப்படும், வெறும் உப்புத் தண்ணீருக்கு வேறு வழி. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் நிலம் இறுகிப்போகும். முளைக்கும்போதுதான் பயிருக்கு உப்பு அதிகம் பகை என்பதால், விதைப்புக்கு முந்தைய தண்ணீருக்காவது மழைநீரைச் சேமிக்கப் பண்ணைக்குட்டைக்கு உதவ வேண்டும். உப்பு ஏறி நிற்கும் நிலத்தில் ஒரு வருடம் பயிரை விடச் சொன்னால், அந்த வருட வருமானத்துக்கும் ஏதாவது வழி சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் ஆகும் என்பீர்கள். ஆகட்டுமே! இறக்குமதி குறைந்தால் லாபம் நாட்டுக்கு. அந்த 29 மூட்டை உப்பின் செலவை மட்டும் விவசாயியே சுமக்க வேண்டும் என்பது எந்த ஊர் கணக்கு? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்கள்.