ஜாக்கி தூக்கும், தாங்காது!



எங்கள் ஊர் திருவக்கரை என்றால் வக்கிரகாளியம்மன் கோயிலும் பௌர்ணமிக் கூட்டமும் பலருக்கு ஞாபகம் வரும். சிலருக்குக் கல்மரப் பூங்கா ஞாபகம் வரும். ஏறக்குறைய 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. சுற்றிலும் கல் குவாரி, கிரஷர், டிப்பர் லாரி. கல்லுக்குப் பஞ்சமே இல்லாத இந்த ஊரில் வீட்டு வாசலில் ஒரு காரை ஜாக்கி போட்டுத் தூக்கினால் அடியில் என்ன வைப்போம்? கையில் கிடைத்த கல்லை வைப்போம். பல வீடுகளில் அதுகூடக் கிடையாது. இதைப் பற்றித்தான் நாலு வார்த்தை எழுத வந்தேன்.

என் தாய்மாமாவிடம் ஒரு பழைய டீசல் அம்பாசடர் இருக்கிறது. 2014-ல் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆனாலும் மாமா அதை விற்கவில்லை. சின்ன வேலை எல்லாம் வீட்டிலேயே பார்ப்பார். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின் பிரேக் ஷூ மாற்ற வேண்டும் என்று செம்மண் வாசலில் ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றியதும் என்னைப் பார்த்து, "மாப்ள, இது தாங்குமாடா?" என்று கேட்டார்.

ஜாக்கியில் 2 டன் என்று எழுதியிருந்தது. "வண்டியே ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலதான் மாமா. ஒரு மூலையைத்தானே தூக்குறோம், தாராளமா தாங்கும்" என்றேன். திண்ணையில் இருந்த அத்தை, "எதுக்கும் ஒரு கட்டையாவது வைங்க" என்றார். மாமா சிரித்துக்கொண்டே, "படிச்ச புள்ள சொல்லுது, உனக்கென்ன?" என்றார்.

டிரம் கழலவில்லை. நான்தான் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். வண்டி மெல்ல உருண்டது. ஜாக்கி சாய்ந்தது. மாமாவின் வலது கையில் இரண்டு விரல் நசுங்கிப் போயின. கிரஷர் வேலைக்கு மூன்று மாதம் போக முடியவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் "வண்டி நழுவிடுச்சு" என்று மட்டும் சொன்னார். நான் சொன்னதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

என் கணக்கு தப்பில்லை. கேள்வியைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன். ஜாக்கி எத்தனை டன் தூக்கும் என்பது ஒரு கேள்வி. வண்டி நகராமல் நிற்குமா என்பது வேறு கேள்வி. அம்பாசடரில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில்தான் பிடிக்கும். கியரில் நிறுத்தியிருந்தோமே என்பீர்கள். பின் சக்கரம் ஒன்று அந்தரத்தில் இருந்தால், டிஃபரன்ஷியல் அந்தப் பக்கத்தைச் சும்மா சுற்ற விட்டுவிடும். தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். நாம் டயகிராம் போட்டு மார்க் வாங்கிய அதே டிஃபரன்ஷியல்தான்! பரீட்சையில் எழுதினேன், வாசலில் மறந்தேன்.

ஹைட்ராலிக் ஜாக்கியில் மொத்தப் பாரத்தையும் தாங்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். ஒரு சீல் கசிந்தால், ஒரு வால்வு இளகினால் வண்டி இறங்கிவிடும். செங்கல், ஹாலோ பிளாக் வைப்பதும் ஆபத்து. இரும்பு வளைந்து எச்சரிக்கும். செங்கல் எச்சரிக்காது, பட்டென்று நொறுங்கும். கருங்கல் நொறுங்காவிட்டாலும் உருளும், நழுவும்.

அப்படியானால் என்ன செய்வது? கெட்டியான சமதளத் தரையில் நிறுத்த வேண்டும். மண் தரை என்றால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த அகலப் பலகை போட வேண்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுக்க வேண்டும். தூக்கியதும் பின் ஆக்ஸில் குழாய்க்கு அடியில், பட்டை ஸ்பிரிங் பக்கத்தில் ஸ்டாண்டு வைத்து, பாரத்தை அதன்மேல் இறக்க வேண்டும். அம்பாசடருக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். துருப்பிடித்த அடித்தகட்டில் ஸ்டாண்டு வைத்தால் பொத்துக்கொண்டு போகும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். எல்லாம் முடிந்தபின் வண்டியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் உடம்பு உள்ளே போக வேண்டும்.

ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் என்ற நிறுவனம் 2020-ல் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பல் சரியாகப் பிடிக்காமல் திடீரென இறங்கலாம் என்பதே காரணம். அதனால்தான் அடியில் அந்தச் சக்கரமும் வேண்டும் என்கிறேன்.

"முப்பது வருஷமா இப்படித்தான் வேலை பாக்குறோம், என்ன ஆச்சு?" என்று சில அண்ணன்மார்கள் கேட்பார்கள். தப்பித்தவர்கள்தான் இப்படிக் கேட்க முடியும். தப்பிக்காதவர்கள் வந்து பதில் சொல்லப் போவதில்லை.

"பணம்?" என்பார்கள் இன்னும் சிலர். மாமா இழந்த மூன்று மாதக் கூலியில் எத்தனை ஜோடி ஸ்டாண்டு வாங்கியிருக்கலாம்!

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இரண்டு. ஒன்று, ஒர்க் ஷாப்பில் ஸ்பேனரைக் கையில் கொடுக்கும் முன் இந்தப் பாடத்தைச் செய்து காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு, பேரவை நிதியில் நல்ல ஸ்டாண்டு இரண்டு ஜோடி வாங்கி, சனிக்கிழமை கொடுத்துத் திங்கட்கிழமை திரும்ப வாங்கும்படி ஒரு நோட்டுப் போட வேண்டும். நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல எடுத்துப் போகலாமே!

தோழர்களே, என் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். உங்களில் பலரும் அப்படித்தான். வீட்டில் நாம் ஒரு வார்த்தை சொன்னால், "படிச்ச புள்ள சொல்லுது" என்று நம்பிக் கையை உள்ளே விடுகிறார்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது. அன்று படிக்காத அத்தை கட்டை வைக்கச் சொன்னார், படித்த நான் வேண்டாம் என்றேன்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அடுத்த முறை ஜாக்கியைக் கையில் எடுக்கும்போது முதலில் கட்டை, பிறகு ஸ்டாண்டு, கடைசியில்தான் ஆள்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!