இன்ஸ்டால் செய்வதற்கே ஓர் ஆள் வேண்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, திரையில் எது வந்தாலும் ‘நெக்ஸ்ட்’ பட்டனை அழுத்துவதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அருப்புக்கோட்டையில் சிறிய டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கோயில் பொங்கல் நோட்டீஸ், இவைதான் பிழைப்பு.

கடந்த கோடையில் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். மஞ்சப்பைக்குள் ஒரு பழைய லேப்டாப். பேரன் வாங்கிக் கொடுத்ததாம். தங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி, அதன் மடைகள், கலுங்கு, எந்த வருடம் நிறைந்தது, எந்த வருடம் வறண்டது என்று இரண்டு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறார். அதைத் தானே வடிவமைத்துச் சிறு புத்தகமாகப் போட வேண்டும் என்பது அவர் ஆசை. பக்கத்துக்கு இவ்வளவு என்று டைப்பிங் கூலி கொடுக்கப் பென்ஷன் இடம் தரவில்லை.

யாரோ சொன்னார்கள் என்று ஒரு இலவச பக்க வடிவமைப்பு சாப்ட்வேரை டவுன்லோட் செய்திருந்தார். “தம்பி, 32 பிட்டா 64 பிட்டான்னு கேட்டுச்சு, ஏதோ ஒண்ணை அமுக்கினேன். இப்ப இன்னொரு புரோகிராம் இல்லைங்குது. அது எங்கே கிடைக்கும்?” என்றார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், தனக்கு மூளை மழுங்கிவிட்டதோ என்று சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். எனக்கு வந்த கோபம் அவர் மேல் அல்ல.

அந்தத் தடையைத் தாண்டினால் அடுத்தது தமிழ். ‘கொ’ என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியே நின்றன, நடுவில் ஒரு புள்ளி வட்டம் வேறு. இது ஏன் என்று தெரிந்து கொள்ளுங்கள். பழைய தமிழ் பாண்ட்களில் கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தனித்தனியாக அடிப்போம். யூனிகோடில் ‘க’ வுக்குப் பின் ‘ஒ’ வின் குறி ஒன்றே ஒன்றுதான் பைலில் பதிவாகும். அதைப் பிரித்து இருபுறமும் வைப்பது சாப்ட்வேரின் வேலை. அந்த வேலை தெரியாத சாப்ட்வேரில் தமிழ் உடைந்துதான் தெரியும். பதிப்புலகில் பெரும் பெயர் பெற்ற பேஜ்மேக்கருக்கும் யூனிகோட் தெரியாது. 2001ல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. இலவசமான ஸ்கிரைபஸுக்கு இந்த எழுத்துக் கோப்பு 2017ல் வந்த 1.5.3 பதிப்பில்தான் கை வந்தது.

இந்தத் தொல்லையை யாராலும் தீர்க்க முடியாது என்பது பொய். விண்டோஸ் எக்ஸ்பி காலம் நினைவிருக்கிறதா? கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் ஆப்ஷன்ஸ் போய், ஒரு கட்டத்தில் டிக் அடித்து, விண்டோஸ் சி.டி.யைப் போட்டால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். சி.டி. யாரிடம் இருந்தது? அந்த நாட்களில் இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச சாப்ட்வேர்கள் வந்தன. ஒரு செட்அப் பைலை டபுள் கிளிக் செய்தால் தமிழில் அடிக்கலாம். எழுத்துரு வல்லுநர்கள் பல வருடம் பேசியதைவிட, அந்த ஒரு பைல்தான் எங்கள் பக்கத்து ஆட்களைத் தமிழில் எழுத வைத்தது என்பேன்.

டெக் கதையும் இதுதான். டொனால்ட் நூத் 1978ல் உருவாக்கிய அச்சுக்கோப்பு சாப்ட்வேர், கணிதப் புத்தகத்துக்கு இன்றும் அதற்கு இணை குறைவு, விலையும் இல்லை. ஆனால் அதைத் தனித்தனித் துண்டுகளாகச் சேர்த்துப் பொருத்த வேண்டியிருந்தது. 1996 முதல் டெக் லைவ் என்ற பெயரில் எல்லாம் ஒன்றாகவே கிடைக்கிறது. முழுவதும் எடுத்தால் பல ஜி.பி. மிக்டெக் வேறு வழியில் போகிறது. சிறியதை முதலில் கொடுத்து, தேவைப்படும் துண்டை அவ்வப்போது இன்டர்நெட்டிலிருந்து எடுத்துக் கொள்கிறது. இரண்டுமே நல்ல யோசனைகள்தான். ஆனால் செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் கிராமத்து வீட்டில் முதலாவது முடியாது, இரண்டாவது பாதியில் நிற்கும்.

என் தொழில் நண்பர்கள் கேட்கிறார்கள்: “எல்லாரும் வீட்டிலேயே செய்துகொண்டால் நாம் சாப்பிடுவது எப்படி?” நியாயமான பயம்தான், எனக்கும் உண்டு. ஆனால் இன்ஸ்டால் செய்யத் தெரியாதவர் எல்லாம் நம்மிடம் வருவதில்லை. ஆசையையே விட்டுவிடுகிறார்கள், அல்லது பத்து நிமிடத்தில் போட்டுத் தருகிற பையனிடம் விலை உயர்ந்த சாப்ட்வேரின் திருட்டுக் காப்பியை வாங்கி, கூடவே வைரஸையும் ஏற்றிக் கொள்கிறார்கள். திருட்டு ஜெயிப்பது விலையால் மட்டும் அல்ல, சுலபமாக இருப்பதாலும்தான்.

சாப்ட்வேர் செய்பவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் திரையே தமிழில் இருக்கட்டும். 32ஆ 64ஆ என்பதைக் கம்ப்யூட்டரே பார்த்துக் கொள்ளட்டும், அதற்குத்தானே கம்ப்யூட்டர்? நல்ல யூனிகோட் பாண்ட் ஒன்றிரண்டும் கீபோர்டும் அதே பைலில் வரட்டும். இன்டர்நெட் இல்லாமலும் முடியட்டும். திறந்தவுடன் காலிப் பக்கத்துக்குப் பதிலாக ஒரு மாதிரிப் புத்தகம் நிற்கட்டும், அதை அழித்துவிட்டு நம்முடையதை அடித்துக் கொள்ளலாம். விவரம் தெரிந்தவர்களுக்கான கேள்விகளை ஓரமாக வேறொரு பட்டனில் வைத்துக் கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை.

சாருக்கு நான் செய்ததும் அதுதான். லிப்ரே ஆபீஸ், நோட்டோ செரிஃப் தமிழ் பாண்ட், ஒரு தமிழ் கீபோர்டு, ஏ5 அளவில் ஓரமும் பக்க எண்ணும் வைத்த மாதிரி பைல், எதை முதலில் கிளிக் செய்வது என்று கையால் எழுதிய ஒரு தாள். எல்லாம் ஒரு பென் டிரைவில். பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டு வந்தால் அச்சு வேலையை நான் சிவகாசிக்கு அனுப்பித் தருவதாகப் பேச்சு. நாற்பது பக்கம் முடித்துவிட்டார். போன வாரம் போன் வந்தது, மடையின் போட்டோவைப் பக்கத்தின் வலது பக்கம் நிறுத்துவது எப்படி என்று.