காலை ஆறு மணிக்கு ஓடுமா அந்த டிராம்?

பினாங்கில் டிராம் மறுபடியும் ஓட வேண்டும் என்ற பேச்சு அடங்குவதும் கிளம்புவதுமாக இருக்கிறது. 2013-இல் மாநில அரசு ஏற்றுக்கொண்ட போக்குவரத்துத் திட்டத்திலேயே டிராம் இருந்தது. பிறகு அது போய் எல்ஆர்டி வந்தது. அதன் முத்தியாரா தடத்தின் வேலை 2025-இல் தொடங்கியும் விட்டது. ஆனாலும், ஜார்ஜ்டவுன் பழைய தெருக்களுக்குள் பாரம்பரிய டிராம் ஒன்றாவது விடலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் சுற்றுலாப் பயணியை மட்டும் நம்பி விடுவதாக இருந்தால், தயவு செய்து வேண்டாம்.

கேமரன் மலைக் கம்போங் ராஜாக்காரனுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். சுற்றுலா வந்து உட்கார்ந்துகொண்ட மலையில் குடியிருக்கிறவன் நான். பள்ளி விடுமுறை வந்தால் சிம்பாங் பூலாய் வழியாக ஏறும் கார்கள் எங்கள் ஊரைத் தாண்டிக் கியா ஃபார்ம் பக்கம் போய் அசையாமல் நிற்கும். தேயிலைச் சரிவைப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு வேன் இருக்கிறது. அதே சரிவில் கொழுந்து பறித்த பாட்டி தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போக, பக்கத்து வீட்டுப் பையன் லோரியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

பினாங்கில் மின்சார டிராம் ஓடியது 1906-இலிருந்து 1936 வரை. அதற்கு முன்பு நீராவி டிராம். பின்பு டிராலி பஸ், அதுவும் 1961-இல் போய்விட்டது. சூலியா ஸ்திரீட்டும் பினாங்கு ரோட்டும் சந்திக்கும் இடத்தில், பழைய தண்டவாளத் துண்டு ஒன்றை மூடாமல் விட்டு வைத்திருக்கிறார்கள். மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். இரும்பின் நடுப் பள்ளத்தில் மண்ணும் சிகரெட் துண்டும் அடைந்து கிடக்கும்; மோட்டார் சைக்கிள்கள் அதன் மேலேயே ஏறிப் போகும். அன்று அதில் போனவர்கள் பாரம்பரியம் பார்க்கவா போனார்கள்? வேலைக்கும் பாசாருக்கும் போனார்கள்.

சான்பிரான்சிஸ்கோ கதை இங்கே பொருந்தும். அங்கே மலையேறும் கேபிள் காருக்குப் பஸ்ஸைவிட மிக அதிகமான கட்டணம். உள்ளூர்க்காரர்கள் அதில் ஏறத் தயங்குகிறார்கள். அதே ஊரில் 1995-இலிருந்து மார்க்கெட் வீதியில் எஃப் தடம் ஓடுகிறது. மிலான் நகரத்து 1928-ஆம் வருடப் பெட்டிகள்கூட அதில் உண்டு. ஆனால் டிக்கெட் சாதாரண பஸ் டிக்கெட்தான். ஆபீசுக்குப் போகிறவன் அதில் தொங்குகிறான், வெளியூர்க்காரனும் பக்கத்திலேயே தொங்குகிறான். ஹாங்காங்கில் 1904-இலிருந்து ஓடும் மாடி டிராமும் அப்படித்தான். பின்வழியாக ஏறி, இறங்கும்போது காசு போட வேண்டும். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம்.

கல்கத்தா மறுபக்கம். 1873-இல் குதிரை இழுத்த டிராம், 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. 2024 செப்டம்பரில் மேற்கு வங்கப் போக்குவரத்து அமைச்சர், மைதானம்–எஸ்பிளனேடு தடம் மட்டும் பாரம்பரியமாக இருக்கும், மற்றவை நிற்கும் என்றார். வேலையைப் பிடுங்கிக்கொண்டு பொன்னாடை போர்த்துகிற காரியம் அது. சென்னை 1953-இலேயே மொத்தமாக நிறுத்திவிட்டது. அதில் பாசாங்காவது இல்லை.

ஆகவே பினாங்கில் யாராவது திட்டத்தை நீட்டினால், பெட்டியின் நிறத்தையும் மரப் பெஞ்சையும் பிறகு பார்க்கலாம். முதல் டிராம் காலை எத்தனை மணிக்கு? ஜெட்டியில் ஃபெரி விட்டு இறங்குகிறவர்களுக்குத் தோதான நேரத்தில் நிற்குமா? கொம்தாரோடு நின்றுவிடுமா, ஆயர் ஈத்தாம் வரை போகுமா? கட்டணம் பஸ் கட்டணம்தானா? முற்பகல் பத்து மணிக்குத் தொடங்கி, இருபது வெள்ளி வாங்கி, சுவரோவியங்களைச் சுற்றிக் காட்டி இறக்கிவிடும் வண்டிக்குத் தண்டவாளமே தேவையில்லை. ரப்பர் சக்கரம் போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்கள் குறுகியவை. இரு ஓரமும் கார் நிற்கிறது. டிராம் விலகிப் போகாது. ஆக, ஓரத்தில் நிறுத்தும் இடங்களை எடுத்தே ஆக வேண்டும். கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள், அவர்களுக்கு ஓட்டும் உண்டு. அந்தக் கார்களை எடுக்கச் சொல்ல எந்த நகராண்மைக்காரர் முன்வருகிறார் என்று பார்ப்போம். பெட்டியின் படத்தை அதற்குப் பிறகு காட்டட்டும்.