முன்பணம் கேட்கும் மானியம்

மார்க்கையன்கோட்டை வயலில் நாற்று நடும் பெண்ணுக்கு வருமானம் அன்றாடக் கூலி. எரிவாயு உருளைக்கோ முழு விலையையும் ஒரே தவணையில் செலுத்த வேண்டும். 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா திட்டம், 2018இல் பட்டியல் சாதிக் குடும்பங்கள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. எனினும் உருளைக்கான 300 ரூபாய் மானியம், முழு விலையையும் செலுத்திய பின்னரே வங்கிக் கணக்கில் சேர்கிறது. வேலையில்லாத மாதத்தில் உருளையும் இல்லை, மானியமும் இல்லை. விறகும் புகையுமே மிச்சம்.

2024இல் அறிவிக்கப்பட்ட வீட்டுக்கூரைச் சூரிய மின்திட்டம் 78,000 ரூபாய் வரை தருகிறது. அதற்கும் சொந்தக் கூரை வேண்டும். தகடு பொருத்திய பிறகே பணம் வரும். பட்டா இல்லாத குடியிருப்புகளுக்கு அதில் இடமேது?

முதலில் செலவிட முடிந்தவருக்கே எட்டும் உதவியை நாம் சமத்துவம் என ஏற்க இயலாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் பொருளாதார நலனைத் தனிக் கவனத்துடன் பேணுமாறு அரசமைப்பின் 46ஆவது பிரிவு அரசைப் பணிக்கிறது. நேரடி வங்கிப் பரிமாற்றம் 2015 ஜனவரியில் நாடெங்கும் நடைமுறைக்கு வருமுன், மானியம் விலையிலேயே கழிக்கப்பட்டது. உஜ்வலா குடும்பங்களுக்கேனும் அம்முறையை மீட்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அது சலுகையன்று, உரிமை.